அடிக்கிற இடம்

பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றி என்னிடம் ஒருமுறை வாய் கொடுத்தவர்கள் மறுமுறை கொடுப்பதில்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அகப்பட்டவரிடம்கூட, ஒஸ்ரினும் மொறிஸும் 1952ல் ஒன்றாகிய கதையைத் தொடங்கிவிடுவேன். அந்தக் கூட்டு 1968ல் பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது, 1975ல் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்தது, மிச்சம் இருந்த ரோவர் 2005 ஏப்ரலில் லோங்பிரிட்ஜில் கதவைச் சாத்தியது என்று நான் முடிக்கும்போது அவர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். எனக்குப் பாயசம் முடிந்திருக்கும்.

இவ்வளவு தெரிந்த எனக்கு ஒரு பிளக்கைக் கழற்றத் தெரியாது என்ற விஷயம் நெடுங்காலம் வெளியே வராமல் இருந்தது. கார் எதுவும் சொந்தமாக இல்லாதவரை எவரும் நிபுணராக இருக்கலாம். ஓய்வுபெற்ற கையோடு நான் ஒன்றை வாங்கித் தொலைத்தேன்.

1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, சாம்பல் நிறம், 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைப் பிடிக்க அரை நிமிடம் பிடிக்கும். இறக்கமாக இருந்தால் நல்லது. மனைவியிடம் நான் வைத்த வாதம் பலமானது. நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கிலாந்தில் வீதி வரி இல்லை. 2018இலிருந்து வருடாந்தச் சோதனையும் இல்லை. லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "ஓடுமோ?" என்றாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஆயத்தமாகப் போகவில்லை.

இந்தக் காரின் பிறப்புக் கதையைச் சொல்லாமல் என் வீட்டு வாசலை யாரும் தாண்ட முடியாது, நீங்களும்தான். மைனர் 1948ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959ல் மினியைத் தந்தவரும் அவரே. மாதிரி வண்டி செய்து முடிந்தபின் அகலம் போதவில்லை என்று அவருக்குப் பட்டது. வண்டியை நடுவால் நெடுக்காக அறுத்து, இரண்டு பாதியையும் கண்ணுக்குச் சரியென்று தெரியும்வரை விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் கூடியது. பொனற்றின் நடுவால் ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அந்த நாலு அங்குலம்தான். அதற்குள் பம்பர்கள் அடித்து முடிந்துவிட்டதால், முதலில் வந்த கார்களின் பம்பரை வெட்டி இடையில் ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்த உருவம் பிடிக்கவே இல்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்றார். அந்த முட்டைதான் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார். அதைக் கொண்டாட 1961ல் மென்னூதா நிறத்தில் ஏறக்குறைய 350 கார்கள் விட்டார்கள்.

இதைப் பேரனுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டான். "முதலே அளந்து பாத்திருக்கலாமே, தாத்தா?" என்றான். இப்போதெல்லாம் அவனுக்கு மென்னூதா நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கார் வந்து சில நாளில், பொறுப்புள்ள சொந்தக்காரனாக, பிரேக் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டேன். பொனற்றைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள் இறங்கி நின்று குளிக்கலாம், அவ்வளவு இடம். எஞ்சின் இருந்தது. ரேடியேற்றர் இருந்தது. பற்றரி இருந்தது. பிரேக் எண்ணெய்க் குடுவையை மட்டும் காணவில்லை. விற்றவருக்கு ரெலிபோன் எடுத்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மெல்லிய குரல். ஒரு பாகம் குறைகிறது என்று கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னேன். கழற்றி எடுத்துவிட்டீர் என்று வாயால் சொல்லவில்லை, குரல் சொல்லிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டு, சாரதி ஆசனத்துக்கு முன்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள் என்றார். அங்கே ஒரு மூடி இருந்தது. மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், அடிச்சட்டத்துக்குள் படுத்திருக்கிறது. எண்ணெய் விடுவதும் அந்த வழியால்தான். நான் களவு கொடுத்ததாக நினைத்த சாமானை மிதித்துக்கொண்டுதான் கார் ஓட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, எல்லோரும் முதலில் எடுக்கும் ரெலிபோன் இதுதான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆசிரியர்களின் பழக்கமாகவும் இருக்கலாம்.

ஸ்பனர் கதை இன்னும் சிறியது. அந்தக் காலத்து நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. என்னிடம் இருந்தது பளபளக்கும் மில்லிமீற்றர் பெட்டி, பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்தது. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பனர் ஏறத்தாழப் பொருந்தும். பொருந்தவே பொருந்தாத ஸ்பனரால் ஒரு கெடுதியும் இல்லை. ஏறத்தாழப் பொருந்துகிற ஸ்பனர் நட்டின் மூலைகளைத் தின்றுவிட்டு வழுக்கும். என் காரில் ஆறு மூலையோடு இருந்த பல நட்டுகள் இன்று வட்டமாக இருக்கின்றன.

மின்சாரத்தில் நான் செய்தது சற்றுப் பெரிய வேலை. மைனரில் பற்றரியின் நேர்முனையைத்தான் வண்டியின் உடலோடு இணைத்திருப்பார்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவும் இப்படித்தான். இன்றைய கார்களில் எதிர்முனை. இந்த அரிய தகவலை நான் எத்தனையோ பேருக்கு வலிந்து சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லித் திரிந்த நானே, பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினால் எப்படி இருக்கும் என்ற ஆசையில், கடையில் ஒரு புது ரேடியோ வாங்கி வந்து பூட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்குப் பதிலாகப் புகை வந்தது. இங்கே கார்ப் பிரியர்கள் மத்தியில் ஒரு பகடி உண்டு: பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு விளக்குச் செய்தவரை இருளின் இளவரசர் என்பார்கள். நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். புகை அடங்கியபோது பட்டம் கைமாறியிருந்தது.

திரும்பும் சைகைக்கு இந்தக் காரில் மின்னும் விளக்கு கிடையாது. கதவுத் தூணுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். 1961 வரை மைனர்கள் இப்படித்தான் வந்தன. குளிர் நாளில் அந்தக் கை உள்ளேயே இறுகிவிடும். தூணில் ஒரு குத்து விட்டால் வரும் என்பது சாத்திரம். நான் குத்துவேன். வராது. திரும்பி முடித்து அடுத்த தெருவில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆறுதலாக வெளியே வந்து, நான் திரும்பப்போவதாக ஊருக்கு அறிவிக்கும். பின்னால் வந்த வான் சாரதி ஒருவர் தன்னுடைய கையால் பதில் சைகை காட்டினார். நெடுஞ்சாலைக் கையேட்டில் உள்ள சைகை அல்ல.

கண்காட்சிகளிலும் என் கொடி நன்றாகப் பறக்கவில்லை. பினின்ஃபரினாவிடம் ஓர் உடலை வடிவமைக்கக் கொடுத்து, 1958 கடைசியிலிருந்து அதே உடலை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, றைலி, எம்ஜி என்று ஐந்து பெயரில் விற்றார்கள். பெரும்பாலும் முகப்பும் பட்டயமும் உள்ளே இருக்கிற மரப்பலகையும்தான் வித்தியாசம். இந்த ஐந்தையும் தூரத்தில் வரும்போதே பிரித்துச் சொல்வேன் என்று மருமகனிடம் பெருமையடித்து, ஒரு காரைக் காட்டி, "கேம்பிரிட்ஜ்" என்றேன். உள்ளே இருந்த சொந்தக்காரர் ஒன்றும் பேசாமல் விளக்கைப் போட்டார். வூல்ஸ்லிக்கு முகப்புப் பட்டயத்துக்குள் ஒரு சிறு விளக்கு எரியும். 1930களிலிருந்து அவர்களுடைய வழக்கம் அது. மருமகன் நல்ல பிள்ளை. சத்தமாக வாசிக்கவில்லை.

சென்னைக்குப் போனபோதும் சும்மா இருக்கவில்லை. அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய ஒருவரிடம், அவர் ஓட்டுவது உண்மையில் 1956ல் வந்த மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசை என்றும், இங்கிலாந்து அதை எப்போதோ கைவிட்டபின் உத்தரப்பாராவில் 2014 வரை அதைச் செய்தார்கள் என்றும் விளக்கினேன். "அப்படியா சார்? ஏசி மட்டும் கேக்காதீங்க" என்றார். உலகத்தில் இந்தக் கார்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கௌலிக்கும் போனேன். ஒக்ஸ்போட் நகரத்தின் ஓரத்தில் மைனர் பிறந்த இடம். வேலைத்தலத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு அலுவலகப் பூங்காவாகிவிட்டது; ஒரு பகுதியில் ஜெர்மன்காரர்கள் மினி செய்கிறார்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே காரை நிறுத்திப் படம் எடுக்கப் போனேன். அங்கே நிறுத்தக்கூடாது என்று காவலாளி சொன்னார். இந்தக் கார் இங்கேதான் பிறந்தது என்றேன். பிறந்தாலும் நிறுத்தக்கூடாது என்றார்.

இதெல்லாம் வெளி அவமானம். வீட்டுக்குள் நடந்தது வேறு. ஏன் மைனர் வாங்கினாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மைனர் நின்றது, அதன் பொனற்றில் என்னை ஏற்றி இருத்தி அப்பா படம் எடுத்தார், அந்தத் தகரத்தின் சூடு இன்றும் தொடையில் இருக்கிறது என்பேன். கேட்டவர்கள் நெகிழ்ந்து போவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண் துடைத்தார். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் அந்தப் படம் இருக்கிறது என்று தெரிந்து, அனுப்பும்படி கேட்டேன். காரின் கையுறைப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைக்க எண்ணம்.

படம் வருவதற்கு முன் அக்காவின் குரல் வந்தது. "தம்பி, உனக்கென்ன விசரே? எங்களிட்டை எப்பவடா கார் நிண்டது? உது பெரியக்கான்ரை கலியாணத்துக்கு ஹயருக்குப் பிடிச்சது. அப்பாவிட்டை இருந்தது சைக்கிள்."

பிறகு படம் வந்தது. பொனற்றில் நான் இருக்கிறேன், அழுதுகொண்டு. என் காலுக்கு நடுவே, பொனற்றின் மூக்கில், செட்டை விரித்த 'ஏ' எழுத்துச் சின்னம். ஒஸ்ரினின் அடையாளம் அது. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். 1952க்கும் 1954க்கும் இடையில் வந்தது, எஞ்சின் 1200 சிசி என்று யாரும் கேளாமலே சொல்லக்கூடிய நான், அதைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு இத்தனை வருடம் மைனர் என்று சாதித்திருக்கிறேன். அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. "அப்பாவின்ரை சைக்கிள் றலி. அதுவும் இங்கிலீஷ்காரன் செய்ததுதானே" என்று ஆறுதல் சொல்லி வைத்தாள்.

பொய்யென்று தெரிந்தபின்னும் காரை விற்க மனம் வரவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். மனைவியின் தமையன் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை என் காரில்தான் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று அடம்பிடித்தேன். யாரும் ஆசையோடு சம்மதிக்கவில்லை. யாருக்கும் என்னோடு வாதாட நேரம் இருக்கவில்லை. காரைக் கழுவினேன், மெருகு போட்டேன், வெள்ளை நாடா கட்டினேன். குளிர்காலம் முழுக்கக் கராஜில் நின்ற காரை ஒருதரமாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அன்று காலை ஏதோ நல்ல காலத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வாசல்வரை ஓடியது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு குனிந்து பின்னால் ஏறினார். சாவியைத் திருப்பினேன். மைனரில் சாவியைத் திருப்பியதும் மின் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். காபுரேற்றர் நிரம்பியதும் ஓயும். அதன் பிறகு ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். அன்று டிக் இல்லை. நான் பதறவில்லை. நெடுநாள் ஓடாமல் நின்றால் பம்ப்புக்குள் இருக்கும் தொடுமுனைகளில் படலம் படியும், மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் ஓடும்: உலகறிந்த வைத்தியம், நானே பலருக்குச் சொன்னது. பொனற்றைத் திறந்து சிறு சுத்தியலை எடுத்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பல சாமான்கள் பூட்டியிருக்கின்றன. டிக் டிக் என்று அடிப்பதுதான் பம்ப் என்று நான் அறிந்து வைத்திருந்தேன். அடிக்காதபோது எது பம்ப் என்று யோசித்ததில்லை. கறுப்பாக, பெட்டியாக, முக்கியமானதாகத் தெரிந்த ஒன்றைத் தட்டினேன். இன்னொரு முறை கொஞ்சம் பலமாகத் தட்டினேன். மேளகாரர் எனக்குத் தாளம் போடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளே இருந்து உபர் தேடத் தொடங்கியிருந்தார்.

மாப்பிள்ளை பகுதிப் பெரியவர் ஒருவர், பட்டு வேட்டி, சால்வை, அதன் கீழே குளிருக்குச் சப்பாத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, உது கரண்டுக் கட்டவுட். அதுக்கு ஏன் அடிக்கிறியள்?" என்றார். பிறகு ஒரு காலில் நின்று சப்பாத்தைக் கழற்றி, அதன் குதியால் பக்கத்தில் இருந்த உருண்டைச் சாமானில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. டிக் டிக் என்று அடித்தது. மேளமும் அடித்தது.

"அடிக்கிற இடம் தெரியாட்டி அடிக்கப்படாது, தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

மண்டபத்துக்கு அவர் என் பக்கத்து ஆசனத்தில் வந்தார். சுன்னாகத்தில் ஹயர் கார் ஓட்டியவராம். முதலில் ஏ40, பிறகு கேம்பிரிட்ஜ். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் தடையிருந்த காலத்தில் அந்தக் கேம்பிரிட்ஜை மண்ணெண்ணெயில் ஓட்டினாராம். நாலு சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகை பின்னால் கட்டி வரும். அந்தக் காரில் பிள்ளை பெறப் போனவர்கள் உண்டு, பிரேதம் போனதும் உண்டு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் கியர்களையும் வாயால் மாற்றினார். "இப்ப இரண்டுக்குப் போடுங்கோ... பொறுங்கோ... ஓம், இப்ப." மைனரின் முதல் கியருக்கு ஒத்திசைவு கிடையாது, ஓடும்போது போட்டால் பல் நெறுநெறுக்கும். அன்று ஒருமுறையும் நெறுநெறுக்கவில்லை.

எனக்கும் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. 1990களில் பாத் நகரத்தில் மைனர் திருத்தும் ஒரு நிலையம், இங்கே கிடைக்காத பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தது என்று சொன்னேன். "பின்னை?" என்றார். "அங்கைதானே உதுகளைத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தவை."

நான் ஏங்கித் திரிந்த அந்த ஊர் வீதிகளில் கார் ஓடியது இவருடைய கையால். எனக்கு வாய்த்தது ஏக்கம் மட்டும். அதிலும் கார் பிழை.

இப்போது அவர் மகள் வீட்டிலிருந்து ஞாயிறுகளில் வருகிறார். நான் தேத்தண்ணீர் கொடுக்கிறேன், ஸ்பனர் எடுத்துக் கொடுக்கிறேன். அங்குல ஸ்பனர், புதிதாக வாங்கியது. முதல் நாள் வந்தபோதே முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கிரீஸ் எப்ப அடிச்சது?" என்று கேட்டார். "எங்கே அடிக்கிறது, ஐயா?" என்று நான் கேட்டேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

மைனர் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே குனிந்து பாருங்கள். முன் சக்கரங்களின் உட்பக்கம், கீழ் முனையில் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கும். ஆயிரம் மைலுக்கு ஒருதரம் அதற்குக் கிரீஸ் அடியுங்கள். விட்டால் அந்த இணைப்பு தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போது சக்கரம் கழன்று மடிந்து, கார் அந்தப் பக்கமாகத் தரையில் இருந்துவிடும். மற்றச் சந்தேகங்களுக்கும் பெரியவரிடம் கேட்டுப் பதில் சொல்வேன். ரேடியோ பூட்டுவது பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.